எம்.பி.ஏ. படிக்க விரும்பும் மகளை எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது?

கரூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பிற்காலத்தில் எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. “எம்.பி.ஏ.தான் என்றால் மேலாண்மை இளங்கலைப் படிப்பான பி.பி.ஏ.வில் சேர்த்துவிடுங்கள், அதுதானே நேர்வழி” என்கிறார்கள் உறவினர்கள். பொறியியல்தான் பாதுகாப்பு என்கிறார் பள்ளி ஆசிரியர். மகளுக்கோ வேதியியல் பிடிக்கும். எதில் சேர்ப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதியியல் பிடிக்கும் என்றால் வேதியியலிலேயே சேருங்கள். எம்.பி.ஏ.வுக்கு அது குறுக்கே நிற்காது. சொல்லப்போனால் துணை நிற்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேலாண்மைப் பாடம் நடத்தி வருகிறேன். அதில் பல ஆண்டுகள் சேர்க்கை நேர்காணலில் கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் வந்தால் இதே கேள்வியோடு யாராவது தேடி வருவார்கள் என்பதால், காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எம்.எஸ்சி. வேதியியலில் சேர பி.எஸ்சி. வேதியியல் வேண்டும். எம்.காம். சேரப் பொதுவாக பி.காம். வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் எம்.பி.ஏ.வுக்கு முன்னால் பி.பி.ஏ. இருக்க வேண்டும் என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு பெயர்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைபோல் இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் விதி வேறு. ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வை எழுத, ஏதேனும் ஒரு துறையில் இளங்கலைப் பட்டமும் 50 சதவீத மதிப்பெண்ணும் போதும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45 சதவீதம். இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். நம் மாநிலத்தில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வும் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கினீர்கள் என்று பார்ப்பதில்லை. பி.பி.ஏ. படித்தவர் என்பதற்காக எந்த நுழைவுத் தேர்விலும் கூடுதலாக ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

இந்தப் படிப்பு தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908-இல் எம்.பி.ஏ.வைத் தொடங்கியபோது, ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்று வந்தவர்களுக்கான படிப்பாகவே அதை அமைத்தது. 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். தொடங்கியபோதும் எல்லாத் துறைப் பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தே இருந்தது. அகமதாபாத் நிறுவனத்தை உருவாக்கி, தொடக்க ஆண்டுகளில் கௌரவ இயக்குநராக இருந்து நடத்தியவர் விக்ரம் சாராபாய். அவர் இயற்பியலாளர்.

வகுப்பறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். எம்.பி.ஏ. முதலாண்டில் கணக்கியல், புள்ளியியல், பொருளாதாரம், சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தையியல் எல்லாவற்றையும் அரிச்சுவடியிலிருந்து நடத்துகிறோம். பற்று வரவு தெரியாத பொறியாளரும், சராசரி தவிர வேறு எதுவும் தெரியாத இலக்கிய மாணவியும் அங்கே இருப்பார்கள் என்று எண்ணியே பாடத்திட்டம் போட்டிருக்கிறது. பி.பி.ஏ. படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு முதல் பருவம் சுலபமாக இருக்கும், கேட்டதையே மறுபடி கேட்பதால். அந்தச் சலுகை டிசம்பரோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு தொழிலின் சிக்கலை வைத்து விவாதம் நடக்கும். மருந்து ஆலை, நெசவு ஆலை, மருத்துவமனை, கூட்டுறவுப் பால் பண்ணை என்று எதுவாகவும் இருக்கலாம். அப்போது தனக்கென்று ஒரு துறை அறிவு உள்ள மாணவர் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக மேலாண்மையின் பொதுவிதிகளை மட்டுமே படித்த பிள்ளைக்கு அந்த இடத்தில் சொல்வதற்குக் குறைவாகவே இருக்கிறது. நிர்வகிக்கத் தெரிவதற்கு முன்னால், எதை நிர்வகிக்கப் போகிறோமோ அதில் ஒன்றையாவது நெருங்கி அறிந்திருக்க வேண்டும். பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்காணலுக்குத் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவள். ஆங்கிலம் தடுமாறித்தான் வந்தது. “அங்கே என்னம்மா செய்தாய்?” என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரே சிவப்பு நிறத்தில் இரண்டு துண்டுத் துணிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அறையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. எழுந்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டினாள். வெயிலில் ஒன்று லேசாக ஆரஞ்சு அடித்தது.

“வாங்குபவர் ஒப்புக்கொண்ட மாதிரி இது, பட்டறையில் மொத்தமாகச் சாயம் ஏற்றியபோது வந்தது இது” என்று விளக்கினாள். பிறகு கணக்கைச் சொன்னாள். மறுபடி சாயம் ஏற்றினால் சாயத்துக்கும் நீராவிக்கும் செலவு. அதைவிடப் பெரிய செலவு, சாயம் துணியில் பிடிப்பதற்காகப் போடும் உப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை அவள் பள்ளியில் படிக்கும்போது கண்ணால் பார்த்திருக்கிறாள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தாக வேண்டும் என்பதால், கூடுதலாகப் போடும் ஒவ்வொரு கிலோ உப்பையும் திரும்பப் பிரித்தெடுக்கப் பணம் கொடுக்க வேண்டும். இதற்குள் கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். லாபம் அதோடு போயிற்று. சந்தைப்படுத்தல் பேராசிரியர் ஒருவர், “அப்படியானால் மறுபடி சாயம் ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்?” என்று கேட்டார். “சார், ஆய்வகத்துக்குத் தெரியும், ஆனால் அதிகாரம் இல்லை. வாங்குபவரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் விஷயம் அவருக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆகிறது. அந்த மூன்று நாளைக் குறைக்க வேண்டும் என்றுதான் படிக்க வந்திருக்கிறேன்” என்றாள்.

அவளுக்கு இடம் கொடுக்க நாங்கள் இரண்டு நிமிடம்கூட விவாதிக்கவில்லை. மேலாண்மைப் புத்தகம் ஒன்றைக்கூட அவள் அதுவரை திறந்ததில்லை. ஆனால் செலவுக் கணக்கு, தரக் கட்டுப்பாடு, அதிகாரப் பகிர்வு, வாங்குபவரின் எதிர்பார்ப்பு என்று நான்கு பாடங்களின் சாரமும் அந்த இரண்டு சிவப்புத் துண்டுகளில் இருந்தது.

அதே நாளில் வந்த ஓர் இயந்திரப் பொறியியல் பட்டதாரியையும் நினைத்துக்கொள்கிறேன். நுழைவுத் தேர்வில் அந்தப் பெண்ணைவிட அதிக மதிப்பெண். “நான்கு ஆண்டில் உனக்குப் பிடித்த பாடம் எது?” என்றோம். வெப்ப இயக்கவியல் என்றான். வீட்டுக் குளிர்பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதும் தலை குனிந்துவிட்டான். பிள்ளை முட்டாள் இல்லை. வீட்டில் சேரச் சொன்னதால் சேர்ந்து, தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் படித்துக் கரையேறியவன். நேர்காணல் குழுவில் இருப்பவர்கள் பட்டப்படிப்பின் பாடத்திலிருந்து கேள்வி கேட்பது, எந்தப் பாடம் படித்தான் என்று தெரிந்துகொள்ள இல்லை. ஒன்றை எடுத்தால் ஆழமாகப் படிப்பானா என்று பார்க்கவே கேட்கிறோம்.

இங்கே பொறியியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐ.ஐ.எம். வகுப்புகளில் பொறியாளர்களே பெரும்பான்மை. பல ஆண்டுகளாக அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு, எம்.பி.ஏ.வுக்கு வழி பொறியியல்தான் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். நம் நாட்டில் கணிதம் நன்றாக வரும் பிள்ளைகளைப் பள்ளியிலேயே பொறியியலுக்குத் திருப்பிவிடுகிறோம். கேட் தேர்வில் கணிதமும் தர்க்கமும் முக்கியப் பங்கு வகிப்பதால் அதே பிள்ளைகள் அங்கேயும் நிறையப் பேர் தேறுகிறார்கள். அந்தத் திறமை அவர்கள் பொறியியல் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே கையில் இருந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொறியாளர்கள் மிகுந்துவிட்டதாலேயே, பல ஐ.ஐ.எம்.கள் மற்றத் துறை மாணவர்களைக் கொண்டுவருவதற்காக, நுழைவுத் தேர்வுக்குப் பிறகு மாணவர்களைத் தெரிவு செய்யும்போது அவர்களுக்குச் சிறிது கூடுதல் மதிப்புத் தருகின்றன. உங்கள் மகளுக்கு இயந்திரமோ மின்சுற்றோ கணினியோ உண்மையிலேயே பிடித்திருந்தால் பொறியியலில் தாராளமாகச் சேரட்டும். நல்ல அடித்தளம் அது. பிடிக்காமல் சேர்ந்து, நான்காம் ஆண்டில் அரியர் எழுதிக்கொண்டே கேட் தேர்வுக்கும் படிக்கும் பிள்ளைகளின் பாடு எனக்குத் தெரியும். அந்த நிலை அவளுக்கு வேண்டாம்.

பி.காம். பற்றி ஓர் எச்சரிக்கை. கல்லூரி விளம்பரங்களில் “பி.காம். (சி.ஏ.)” என்று பார்ப்பீர்கள். அதைப் பட்டயக் கணக்கர் படிப்போடு சேர்ந்தது என்று நினைத்துச் சேர்த்துவிட்டு, முதல் பருவம் முடிந்த பிறகு விவரம் தெரிந்து கலங்கி நின்ற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அங்கே சி.ஏ. என்பது கணினிப் பயன்பாடு. படிப்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டும் வேறு. நிதித்துறையில் போக விருப்பம் இருந்தால் பி.காம். மிக நல்ல தேர்வு. கூடவே பட்டயக் கணக்கர் தேர்வையும் எழுதினால், எம்.பி.ஏ. இல்லாமலே தொழில் அமைந்துவிடவும் கூடும். உங்கள் மகளுக்கு அந்த ஈடுபாடு இருப்பதாக உங்கள் கேள்வியில் தெரியவில்லை.

பி.பி.ஏ.வை ஒதுக்கித் தள்ளுகிறேன் என்று எண்ண வேண்டாம். பட்டம் முடித்ததும் குடும்பத் தொழிலில் உட்காரப் போகும் பிள்ளைக்கும், மூன்றாண்டில் வேலைக்குப் போயே ஆக வேண்டிய பிள்ளைக்கும் அது பயன்படும். எம்.பி.ஏ. நிச்சயம் என்று நினைப்பவர் அதை முதல் படியாகக் கருதிச் சேர்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டில் எம்.பி.ஏ. வரை ஒரே மூச்சில் தரும் படிப்பை இந்தூர் ஐ.ஐ.எம். 2011-இல் தொடங்கியது; பிறகு ரோதக்கும் வேறு சில ஐ.ஐ.எம்.களும் தொடங்கின. அது தனி நுழைவுத் தேர்வு, கட்டணமும் அதிகம். பதினேழு வயதிலேயே மனம் மாறாது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு அது சரி.

பதினேழு வயதில் அந்த உறுதி பலருக்கு இருப்பதில்லை. அதனால் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: மூன்றாண்டு கழித்து எம்.பி.ஏ. வேண்டாம் என்று அவளே சொன்னால், கையில் இருக்கும் பட்டத்தை வைத்து என்ன செய்வாள்? வேதியியல் பட்டத்துக்கு எம்.எஸ்சி. உண்டு, ஆராய்ச்சி உண்டு, மருந்து, வண்ணப்பூச்சு, தோல், சாயம், உணவுப் பரிசோதனை என்று தொழில்கள் உண்டு. அதன் குறையையும் மறைக்கக்கூடாது. பி.எஸ்சி. மாணவர்களைத் தேடி வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள் குறைவு. தொடக்கச் சம்பளமும் குறைவு. முதல் வேலையை அவளே தேடிப் போக வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சாயமும் நெசவும் இருக்கும்போது, வேதியியல் தெரிந்த பிள்ளைக்கு உள்ளே நுழைய ஓர் ஆய்வகமாவது கிடைக்காமல் போகாது.

அந்த வேலை அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது. இரண்டாண்டு எம்.பி.ஏ.வில் கல்லூரி முடித்த கையோடும் சேரலாம். ஆனால் தேர்வு முறையில் பல நிறுவனங்கள் பணி அனுபவத்துக்கு மதிப்பெண் வைத்திருக்கின்றன. கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத், சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பேட்டரி ஆலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, அதன் பிறகே அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்குப் போனார். பின்னாளில் உலகம் முழுக்க மேலாண்மை மாணவர்கள் படிக்கும் சிந்தனையாளர் ஆனார். இந்திரா நூயி சென்னை கிறித்தவக் கல்லூரியில் அறிவியல் படித்தவர். அங்கிருந்து கல்கத்தா ஐ.ஐ.எம்., பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், பிறகு பெப்சிகோ நிறுவனத்தின் தலைமை. இவர்களைப்போல ஆகிவிடலாம் என்று ஆசை காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அறிவியல் பட்டத்திலிருந்து மேலாண்மைக்குப் போவது நம் ஊர்ப் பிள்ளைகள் அறுபது ஆண்டுகளாக நடந்து பழகிய வழி என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, எந்தப் பாடத்தில் சேர்ந்தாலும் கைவிடக்கூடாத மூன்று.

மதிப்பெண் முதலாவது. நேர்காணலுக்கு அழைக்கும்போது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் பல நிறுவனங்கள் சேர்த்துப் பார்க்கின்றன. விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பத்தாவதும் பிளஸ் டூவும் முடிந்துபோன கதை. மீதி இருப்பது பட்டப்படிப்புதான். பிடித்த பாடத்தில் சேரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிடித்ததில்தான் ஆறு பருவமும் தொய்வில்லாமல் மதிப்பெண் வரும்.

இரண்டாவது கணிதம். கேட் தேர்வின் கணிதம் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு அளவில்தான் இருக்கும்: சதவீதம், விகிதம், வேகமும் நேரமும், இயற்கணிதம், வடிவியல். வகை நுண்கணிதம் கேட்பதில்லை. ஆனால் பிரிவுக்கு 40 நிமிடம், மூன்று பிரிவுக்கும் சேர்த்து 120 நிமிடம்தான் கிடைக்கும். மூன்றாண்டு தொடாமல் விட்ட கையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

மூன்றாவது ஆங்கில வாசிப்பு. இதைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. தமிழ்வழியில் படித்த அறிவான பிள்ளைகள் நுழைவுத் தேர்வில் பின்தங்குவது கணிதத்தால் இல்லை. முதல் பிரிவில் தத்துவம், வரலாறு, சூழலியல் என்று முன்பின் அறியாத பொருளில் நீண்ட ஆங்கிலப் பத்திகள் வரும். வாசித்து, எழுதியவரின் வாதம் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். இலக்கணப் புத்தகம் படித்து இது வராது, கடைசி ஆறு மாதப் பயிற்சி வகுப்பிலும் வராது. கல்லூரி சேர்ந்த முதல் நாளிலிருந்து தினமும் ஓர் ஆங்கில நாளேட்டின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்றை வாசித்து, அதன் கருத்தைத் தமிழிலேயே நான்கு வரியில் எழுதிப் பார்க்கட்டும். தமிழில் எழுதச் சொல்வது வேண்டுமென்றேதான். புரிந்ததா இல்லையா என்பதைத் தாய்மொழி மறைக்க விடாது. என் மாணவர்களில் பலர் இப்படித்தான் கரையேறினார்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மனத்தில் இருக்கும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் இரண்டாண்டுக் கட்டணம் இன்று 25 லட்சம் ரூபாய்க்கு மேல். கல்விக் கடன் கிடைக்கும் என்றாலும் சுமை சுமைதான். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்க ஆண்டுக் கட்டணம் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். பட்டப்படிப்புக்கே லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு, எம்.பி.ஏ. நேரத்தில் கையைப் பிசைந்து நிற்க வேண்டாம். அவள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

வெளிநாட்டில் எம்.பி.ஏ. என்ற எண்ணம் இருந்தால் ஒன்றை மட்டும் இப்போதே பாருங்கள். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்கும்; நம் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்பவையும் உண்டு. மூன்றாண்டு பி.எஸ்சி.க்குப் பிறகு எம்.எஸ்சி. முடித்துப் போனால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். வேதியியல், பி.பி.ஏ., பொறியியலில் அவள் யோசிக்கும் ஒரு பிரிவு, இந்த மூன்றின் பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து எடுத்து அச்சிட்டு அவள் கையில் கொடுங்கள். முதலாண்டைப் பார்க்க வேண்டாம், அது எல்லாவற்றிலும் ஏறக்குறைய பள்ளிப் பாடம்தான். இறுதியாண்டுத் தாள்களை வாசிக்கட்டும். எந்தத் தாளின் தலைப்பைப் படிக்கும்போது “இது என்ன?” என்று அவளே உங்களிடம் வந்து கேட்கிறாளோ, அந்தப் படிப்பில் சேருங்கள். அது வேதியியலாக இருந்தால், சேரும் கல்லூரியில் கணிதமோ புள்ளியியலோ துணைப்பாடமாகக் கிடைக்குமா என்று சேர்க்கைக்கு முன்பே துறைத் தலைவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.